பதினான்காம் எண் அலமாரி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலம் என்று என் மகள் தினமும் சொல்வதால் தனியாக விசாரிக்கவில்லை.

தபாலில் கடிதம் வந்ததைக் கண்டு பயப்பட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று நாம் போனில் பேசி முடித்ததும் அவள் என் கையிலிருந்து போனை வாங்கி டிராயருக்குள் வைத்துவிட்டாள். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்க. கேக்கறதுக்குத்தான் ஆளே இல்லை. இனிமே வேலை விஷயம் எதுவா இருந்தாலும் எழுதிக்கோங்க. அப்பதான் ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர் ஆரம்பிப்பீங்க" என்றாள். வீட்டில் அவள் மகள், எதிர்த்துப் பேசலாம். கடையில் அவள் மேனேஜர். இது நடந்தது கடையில்.

எழுதுவது என்று ஆன பிறகு நம் ஒப்பந்தத்தையும் எழுதிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே தங்கள் சமையலறையைத் தாங்களே திரையில் அமைத்துக்கொள்ள நீங்கள் ஒரு புரோகிராம் செய்து கொடுத்திருக்கிறீர்கள். அலமாரி, தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கிறார்கள். அதைப் பார்த்து எங்கள் பட்டறை செய்து கொடுக்கிறது. புதிய ஷோரூம் திறக்கும் வரை அது என் மானத்தை வாங்காமல் ஓடினால், நீங்கள் அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கடையில் கூட்டாளியாகச் சேரலாம்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என் மகளோடு இருந்ததைவிட ரயிலோடு இருந்ததுதான் அதிகம் என்று உங்கள் அத்தை எனக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்கிறாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் என் நிலைமையையும் யோசியுங்கள். வேலை சரியில்லை என்றால் யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். மாப்பிள்ளையை எப்படி நிறுத்துவது?

ஒரு சந்தேகம். வரைந்து முடித்தவர் "சேமி" என்ற பொத்தானை அழுத்துகிறார். சமையலறை மறைந்துபோகிறது. எங்கே போகிறது? ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா?

மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

மேனேஜரின் தீர்ப்பை நானும் ஏற்கிறேன். மேல்முறையீடு கிடையாது என்று என்னிடமும் சொல்லிவிட்டாள்.

போட்டோ போதாது. போட்டோவில் இருக்கும் தொட்டியை ஜன்னல் பக்கம் தள்ள முடியாது. வாடிக்கையாளர் மறுநாள் மனம் மாறுவார். மாறாத வாடிக்கையாளரை உங்கள் அனுபவத்தில் பார்த்திருந்தால் சொல்லுங்கள், நானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

புரோகிராம் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் டேட்டாபேஸில் சமையலறை இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி மட்டுமே இருக்கிறது. இந்த எண் கொண்ட பொருள், இடது சுவரிலிருந்து இவ்வளவு தூரம், தரையிலிருந்து இவ்வளவு உயரம், முகம் இந்தப் பக்கம். அவ்வளவுதான். வாடிக்கையாளர் மறுபடி திறக்கும்போது புரோகிராம் அந்த வரிகளைப் படிக்கும். எண்ணை வைத்து உங்கள் கடைப் பட்டியலில் பொருளைத் தேடும். அதன் படத்தைக் கொண்டுவந்து சொன்ன இடத்தில் நிறுத்தும். கூப்பிடும்போதெல்லாம் சமையலறை புதிதாகப் பிறந்துவிட்டுப் போகிறது.

இதில்தான் அழகு இருக்கிறது. நாளைக்கே நீங்கள் ஒரு அலமாரியின் கைப்பிடியை மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும். அந்த அலமாரியை வைத்திருக்கிற எல்லோருடைய சமையலறையிலும் தானாக மாறிவிடும். யாரிடமும் சொல்லக்கூட வேண்டாம். இந்த யோசனை வந்த அன்று நான் எனக்கே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு ரயில் நிலையத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மருமகன்

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

புரோகிராம் நன்றாக ஓடுகிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. கொஞ்சம்தான்.

முன்பெல்லாம் ஒரு குடும்பம் கடைக்கு வந்தால் கணவனும் மனைவியும் என் எதிரிலேயே சண்டை போட்டு, நான் யார் பக்கம் என்று கேட்பார்கள். இப்போது வீட்டிலேயே சண்டையை முடித்துக்கொண்டு, முடிவை மட்டும் கொண்டுவருகிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இதுவரை ஆறு சமையலறை வரைந்திருக்கிறார். அவர் வீட்டில் இருப்பது ஒன்றுதான். "சார், இது வேலை இல்லை, தியானம்" என்கிறார்.

பல் டாக்டர் அம்மா ஒருவர் வரைந்ததைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பல் வரிசை மாதிரி ஒரு பிசிறு இல்லை. அடுப்புக்கு மேலே நம் பதினான்காம் எண் கண்ணாடிக் கதவு அலமாரி நான்கை வரிசையாக வைத்திருக்கிறார். வீடு முழுவதற்கும் நம்மிடமே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அது கைகூடினால் புதிய ஷோரூமின் வாசலில் அந்தச் சமையலறையின் படத்தைத்தான் மாட்டப் போகிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. கடைப் பட்டியலில் பொருள் மாற்றுவது எப்படி என்று மேனேஜர் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். நானே செய்கிறேன். இந்த வாரம் புதிதாக ஒரு செருப்பு ஸ்டாண்ட் ஏற்றினேன். சாய்வான தட்டு, அழகான வேலை. படத்தில் நாலு ஜோடி செருப்பையும் வைத்து எடுத்தோம், இல்லாவிட்டால் எதற்கென்று தெரியாது. கண்ணாடி சரியாகக் கிடைக்காததால் பதினான்காம் எண்ணை நிறுத்திவிட்டேன், அந்த இடத்தில் இதைப் போட்டுவிட்டேன். காலியாக ஒரு எண் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உங்கள் விஷயமும் மனத்தில் இருக்கிறது.

மாமா

மார்ச் 26

அன்புள்ள மாமாவுக்கு,

"உங்கள் விஷயமும் மனத்தில் இருக்கிறது" என்ற வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. மற்ற வரிகளையும் படித்தேன், ஆனால் அவ்வளவு கவனமாக இல்லை.

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இரண்டில் ஒன்றின் மேல் துணி இருக்கும், மற்றதன் மேல் நான் இருப்பேன். மேனேஜர் தினமும் போன் செய்து கீல் சப்ளை பற்றிப் பேசுகிறாள். கடைசியில் "சரி, சாப்பிட்டீங்களா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகக் கீலைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்பேன்.

ஷோரூம் திறப்புக்கு அதிக நாள் இல்லை. அலுவலகத்தில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று சொல்லாததை, சரி என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?

மருமகன்

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

எடுத்துக்கொள்ளக் கூடாது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நேற்று பல் டாக்டர் அம்மா தன் மாமியார், மாமனார், நாத்தனார், நாத்தனாரின் கணவர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தான் அமைத்த சமையலறையைப் பெரிய திரையில் காட்ட வேண்டும் என்றார். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். ஜூஸ் வரவழைத்தேன். மேனேஜர் திறந்தாள்.

அடுப்புக்கு மேலே நான்கு செருப்பு ஸ்டாண்ட். ஒவ்வொன்றிலும் நாலு ஜோடி செருப்பு.

அந்த மாமியார் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "குழம்பு கொதிக்கிறப்ப எது உள்ள விழணும்னு யோசிச்சு வச்சிருக்கியாம்மா? இடது காலா, வலது காலா?"

"அத்தை, சத்தியமா நான் இப்படி வைக்கலை."

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. வெளிய போறப்ப வாசலுக்குப் போகவேண்டாம். அடுப்புல ஏறிச் செருப்பை மாட்டிக்கிட்டு ஜன்னல் வழியாப் போயிடலாம்."

நாத்தனாரின் கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து ஜூஸைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். டாக்டர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மயக்க மருந்து இல்லாமலே பல் விழுந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கூப்பிடும்போதெல்லாம் புதிதாகப் பிறக்கும் என்று எழுதினீர்கள். என்னவாகப் பிறக்கும் என்று எழுதவில்லை. ராஜினாமா எதுவும் கொடுக்க வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

மாமா

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். திரும்பக் கேட்டுப் பார்த்தேன். என் நாற்காலியை ஏற்கெனவே வேறொருவருக்குச் சொல்லிவிட்டார்களாம். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது அதில் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை. இதை மேனேஜரிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம். சரியான நேரம் பார்த்து நானே சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புரோகிராம் ஒரு தப்பும் செய்யவில்லை. டாக்டரின் வரிகளில் இருப்பது "பதினான்காம் எண், அடுப்புக்கு மேலே" என்பதுதான். புரோகிராம் உங்கள் பட்டியலுக்கு வந்து, பதினான்கைக் கொடு என்று கேட்டது. நீங்கள் செருப்பு ஸ்டாண்டைக் கொடுத்தீர்கள். பாவம், அது கொண்டுபோய் வைத்தது. புதுப் பொருளுக்குப் பழைய அலமாரியின் எண்ணைக் கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? ஒருவர் வீட்டைக் காலி செய்ததும் அவர் பெயரையும் அடுத்த குடித்தனக்காரருக்குக் கொடுத்துவிடுவார்களா?

பதினான்கை வைத்திருந்த சமையலறை டாக்டருடையது மட்டும் இல்லை. எல்லாவற்றிலும் இப்போது செருப்புதான். மேலும் யாரும் திறந்து பார்க்காமல் இருக்க, "பராமரிப்பு நடக்கிறது" என்று ஒரு அறிவிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

எனக்கு இங்கே வேலை இல்லை, அங்கே இடம் இல்லை. எதுவும் எழுதாமல் கிடக்கும் இப்படிப்பட்ட கட்டத்துக்கு டேட்டாபேஸ் மொழியில் வெற்று மதிப்பு என்று பெயர்.

மருமகன்

ஏப்ரல் 14

மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒரு தகவல். கடைக்கு வரும் தபாலைப் பிரிப்பது மேனேஜர். நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு எழுதியதை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு கடையில் நடந்ததை மரியாதை கருதிச் சுருக்குகிறேன். "சரியான நேரம் பார்த்துச் சொல்வாராமே? பேரன் பேத்தி எடுத்தப்புறமா?" என்று உங்களுக்கு ஒன்று. எனக்கு ஒன்று: "நீங்க ஏம்ப்பா சிரிக்கிறீங்க? உங்களை நம்பித்தான் அவர் வேலையை விட்டிருக்கார்." அதன் பிறகு என்னைக் கையைப் பிடித்துப் பட்டறைச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சுவரை நீங்கள் பார்த்ததில்லை. பட்டறைக்குள் தூசி என்று வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். அங்கே நாற்பது ஆணி இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். ஒவ்வொரு மாடலுக்கும் வெட்ட வேண்டிய அளவைக் காட்டும் பலகை ஒன்று உண்டு, அது அதன் ஆணியில் தொங்கும். ஒரு மாடலை நிறுத்தினால் அதன் பலகையை இறக்கிவிட்டுப் புதியதை அதே ஆணியில் மாட்டுவோம். மேஸ்திரியிடம் "பதினாலு வெட்டுங்க" என்றால் அந்த ஆணியில் இருப்பதை எடுத்து வெட்டுவார். நாற்பத்தொன்றாவது ஆணிக்குச் சுவரில் இடம் இல்லை, பக்கத்தில் ஜன்னல்.

மேனேஜர் கேட்டாள்: "அப்பா, பதினாலுங்கிறது அலமாரியோட பேரா, ஆணியோட பேரா?"

"ஆணியோட பேருதான். இதென்ன கேள்வி?"

"அவரு அலமாரியோட பேருன்னு நெனச்சிருக்காரு."

"கேட்டிருக்கலாமே?"

"நீங்க சொல்லியிருக்கலாமே? உங்க ஆணிலயும் அவர் எண்ணுலயும் மாட்டி நான்தான் நடுவுல தொங்குறேன்."

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே இழைத்த பலகையை மறுபடி இழைத்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு நாளாக என்னோடு வேலை விஷயம் மட்டுமே பேசுகிறாள். உங்களோடு அதுவும் இல்லை என்று கேள்வி. உங்கள் அத்தை எனக்குச் சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போகிறாள். இதைச் சரி செய்ய வழி இருந்தால் எழுதுங்கள். புரோகிராமைச் சொல்கிறேன். மற்றதையும்தான்.

மாமா

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நாற்பது ஆணிச் சுவரை இங்கே உட்கார்ந்து கற்பனை செய்து பார்த்தேன். நல்ல ஏற்பாடு. சுவருக்கு ஞாபகம் தேவையில்லை. இன்று என்ன வெட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும். போன வருடம் ஒருவர் எதை ஆசைப்பட்டார் என்பதைச் சுவர் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அப்படி நினைவில் வைப்பதுதான் டேட்டாபேஸின் வேலையே. உங்கள் ஆணியை நான் ஞாபகம் என்று எடுத்துக்கொண்டேன். பட்டறையின் தூசிக்குப் பயந்து வாசலில் நின்றவனுக்கு இது தேவைதான். எனக்கு வாங்கிக் கொடுத்த காபியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

செய்திருப்பதைச் சொல்கிறேன். இனிமேல் ஒவ்வொரு மாடலுக்கும் புரோகிராம் தானாக ஒரு எண் வைத்துக்கொள்ளும். அது யாருக்கும் தெரியாது, மாடல் செத்தாலும் வேறொன்றுக்குப் போகாது. ஆணி எண்ணை நீங்கள் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம், அது மேஸ்திரிக்காக மட்டும். நிறுத்திய மாடலைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்க முடியாது, "இப்போது செய்வதில்லை" என்று எழுதி வைக்கலாம். வாடிக்கையாளர் சேமிக்கும்போது அன்றைய அளவும் படமும் அவருடைய வரிகளோடு சேர்ந்தே போகும். அவர் பார்த்தது எதுவோ, அதுவே அவருக்கு.

பழைய சமையலறைகளையும் பிரித்துவிட்டேன். நீங்கள் மாற்றிய நாளுக்கு முன் வரைந்து அப்படியே விட்டவை கண்ணாடி அலமாரிக்குத் திரும்பிவிட்டன. டாக்டருடையது அதில் ஒன்று. அந்த நாளுக்குப் பின் புதிதாக வரைந்தவற்றில் செருப்பு ஸ்டாண்டே சரி. மூன்று வீடுகள்தான் சிக்கல். முன்பு வரைந்து, பிறகு ஒருமுறை திறந்து, செருப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் "சேமி" என்று அழுத்தியிருக்கிறார்கள். இவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று எந்தப் புரோகிராமும் சொல்லாது. மனிதர்தான் கேட்க வேண்டும். மாமா, நீங்கள் கேட்டுச் சொல்ல முடியுமா?

மற்றதைச் சரி செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மேனேஜருக்குத் தினமும் போன் செய்கிறேன். எடுக்கிறாள், ஆனால் கீலைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

உங்கள் மருமகன்

ஏப்ரல் 28

மாப்பிள்ளைக்கு,

மூன்று பேரிடமும் கேட்டேன். போனில், மேனேஜரின் முன்னிலையில், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் முறையில்.

முதல் வீடு ஒரு வக்கீல். "பார்த்தேன் சார். இப்ப இதுதான் புது பேஷன்னு நெனச்சேன். கேட்டா எனக்குத் தெரியாதுன்னு ஆயிடுமேன்னு கேக்கலை" என்றார்.

இரண்டாவது, கல்யாணமாகி ஆறு மாதமான ஜோடி. அந்தப் பெண் போனில் ரகசியமாகச் சொன்னாள்: "அவர் ஆசையா வச்சிருக்காருன்னு விட்டுட்டேன் அங்கிள்." பின்னாலிருந்து அவன் குரல்: "நானா? நீதான் வச்சேன்னு நெனச்சேன்! உங்கம்மா வீட்டுப் பழக்கமா இருக்கும்னு சும்மா இருந்தேன்!" பிறகு அவர்கள் போனை வைக்க மறந்துவிட்டார்கள். நாங்கள் வைத்துவிட்டோம். மேனேஜர் சிரித்தாள். இந்த மாதத்தில் முதல்முறை.

மூன்றாவது வீட்டு அம்மாதான் என்னை உட்கார வைத்துவிட்டார். "ஐயோ, அதை மாத்திடாதீங்க. செருப்புக்கு இல்லீங்க, கழுவின தட்டு வைக்கிறதுக்கு. சாய்வா இருக்கு பாருங்க, தண்ணி வடிஞ்சிடும்." நான் பட்டறைக்குப் போய் அந்த ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. நீங்கள் கேட்கச் சொல்லாமல் நாமே முடிவு செய்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கண்ணாடி அலமாரியைக் கட்டி அனுப்பியிருப்போம்.

டாக்டர் வீட்டுக்கு நானே நேரில் போனேன். அந்த மாமியார்தான் கதவைத் திறந்தார். "செருப்பை வெளிய விடுங்க, இல்லேன்னா அடுப்புக்கு மேல வைங்க, உங்க இஷ்டம்" என்றார். உள்ளே விட்டார், அதுவே பெரிய விஷயம். சரியான படத்தைக் காட்டினேன். கண்ணாடி எங்கிருந்தாவது வரவழைக்கிறேன் என்றேன். மொத்த வீட்டையும் நம்மிடமே கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் மேனேஜர் கேட்டாள்: "அப்போ அவரை எப்ப வரச் சொல்றீங்க?" நான் யோசிக்க வேண்டும் என்றேன். "யோசிங்க, நான் இங்கதான் நிக்கறேன்" என்று நின்றாள். கணக்குப் பார்க்க வந்த ஆளும், மேஸ்திரியும், ஜூஸ் கடைக்காரரும்கூட நின்றார்கள். நான் யோசித்து முடித்தேன்.

வாருங்கள். கடையில் உங்களுக்குப் பங்கு உண்டு, பட்டறைக்குள் தினமும் ஒருமுறை போய் வர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மாடியறையை உங்கள் இருவருக்கும் ஒழித்து வைக்கிறோம். அதை எப்படி அமைப்பது என்று உங்கள் புரோகிராமிலேயே நான் வரைந்து சேமித்திருக்கிறேன். யார் உதவியும் இல்லை. திறந்து பாருங்கள்.

மாமா

மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

திறந்து பார்த்தேன். அலமாரி, மேசை, மேனேஜரின் நிலைக்கண்ணாடி எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கின்றன. கட்டில்தான் புரியவில்லை. அறைக்கு ஒரே கதவு, உள்பக்கம் திறக்கும் கதவு. கட்டிலை அதை ஒட்டிக் குறுக்கே போட்டிருக்கிறீர்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று என் புரோகிராம் பார்ப்பதில்லை, அது என் குறை. ஆனால் அது உங்கள் வீடு. ஆயுள் முழுக்க அலமாரிக் கதவு மாட்டியவர் நீங்கள். தெரியாமல் வைத்திருக்க மாட்டீர்கள்.

மேனேஜரிடம் கேட்டேன், இப்போது பேசுகிறாள். "அப்பா ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் வச்சார். நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆகவே இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை உள்ளே வரக் கூடாது என்று வைத்திருக்கிறீர்கள், அல்லது வந்தவன் திரும்பிப் போகக் கூடாது என்று. இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். இந்த முறை வருவதற்கு மட்டும், திரும்பிப் போவதற்கு இல்லை.

கட்டிலை யாரும் நகர்த்த வேண்டாம். மேஸ்திரியிடம் ஒரு ஏணி மட்டும் சொல்லி வையுங்கள், ஜன்னல் வழியாக ஏறிக்கொள்கிறேன்.

உங்கள் மருமகன்